செத்ததுபோல் தூங்கும் மீன்கள்

லோச் மீன் தூங்குவதை முதல் தடவை பார்ப்பவர்கள் அது செத்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். ஒருக்களித்துப் படுத்திருக்கும். சில நேரம் மல்லாந்துகூடக் கிடக்கும். செவுள் அசைகிறதா என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாலும் சரியாகத் தெரியாது. நாம் பதறிப்போய்த் தொட்டியைத் தட்டினால், எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அதே இடத்தில் பொத்தென்று விழும். அண்ணன் அவற்றை வாங்கிவந்த புதிதில் நான் இரண்டு தடவை "போச்சு, செத்துப்போச்சு" என்று கூச்சல் போட்டு அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அயிரைக்குத் தூரத்துச் சொந்தம் என்று மீன்கடைக்காரர் சொல்வார். ஆரஞ்சு உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை, வாயோரத்தில் குட்டி மீசை. விரல் நீளத்தில் வந்தவை பதினோரு வருஷத்தில் உள்ளங்கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டன. மொத்தம் ஏழு. ஏழுக்கும் பெயர் வைத்தது அண்ணனும் என் கணவரும். தின்றுகொண்டே இருப்பது தொந்தி. முன்னால் போய் மற்றவற்றை இழுத்துக்கொண்டு திரிவது வாத்தியார். யாரையும் நிம்மதியாக இருக்கவிடாமல் விரட்டுவது மாமியார். எலும்பும் தோலுமாக இருந்தது ஒட்டடை. சாப்பிடும்போது டிக் டிக்கென்று சத்தம் போட்டு நியாயம் கேட்பது வக்கீல். எந்நேரமும் படுத்தே கிடப்பது சோம்பேறி. கடைசியாக வந்தது குட்டி.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் செய்துகொள்ளவில்லை; எங்களோடுதான் இருக்கிறார். என் கணவர் பெயின்டர். சுவருக்கு அடிக்கிற பெயின்டர், படம் வரைகிறவர் இல்லை. கல்யாணப் பேச்சு நடந்தபோது தோழிகளிடம் வெறும் 'பெயின்டர்' என்று சொல்லி நிறுத்திக்கொண்டதில் எனக்குக் கொஞ்ச நாள் மரியாதை கிடைத்தது. நான் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ், இருபத்திரண்டு வருஷமாக. வீட்டிலும் என் கணவர் என்னை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். கட்டின பெண்டாட்டியை சிஸ்டர் என்று கூப்பிடும் ஒரே ஆள் மாப்ளதான் என்று அண்ணன் சிரிப்பார்.

சிரித்தார் என்று சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில், லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்திலேயே அண்ணன் விழுந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போனது.

"சொல்றதெல்லாம் அவருக்குப் புரியும்," என்றார் டாக்டர். "வார்த்தைதான் வாய்க்கு வராது."

முதல் நாலு மாசம் 'ஆ' என்பதைத் தவிர எதுவும் வரவில்லை. வயிற்றில் குழாய் போட்டு அதன் வழியாகத்தான் ஆகாரம். ஜன்னலோர நாற்காலியில், மீன்தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்தே இருப்பார். ஒருநாள் காலையில் நான் மீனுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"தொந்தி."

டப்பாவைக் கீழே போட்டுவிட்டேன். இரை முழுக்கத் தரையில் கொட்டியது. நான் அழுததில் அண்ணன் பயந்துபோய்விட்டார். அந்த வாரத்துக்குள் ஏழு பெயரும் வந்துவிட்டன. என் பெயர் வரவில்லை. அவருடைய பெயரே அவருக்கு வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் தொந்தி, முதுகு அரித்தாலும் வக்கீல். சொல்லும் தொனியை வைத்து நாங்கள் கண்டுபிடித்துக்கொள்வோம். வாரம் ஒருதரம் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். அவள் ஒரு நோட்டைக் கொடுத்து, அவராகச் சொல்லும் சொற்களை அன்றன்றைக்குக் குறித்து வைக்கச் சொன்னாள்.

"இந்த ஏழும்தான் இப்ப அவருக்குப் படி," என்றாள். "இதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மத்த வார்த்தை மேல ஏறி வரணும். இது கைநழுவாம பாத்துக்குங்க."

நான் பார்த்துக்கொள்வேன் என்று சொன்னேன். பொறுப்பு என்று ஒன்றை என்னிடம் கொடுத்தால் நான் அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள். தியேட்டரில் என்னைக் கண்டால் சின்ன டாக்டர்கள் நகத்தை ஒளிப்பார்கள்.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாசம் கழித்துச் சோம்பேறி செத்தது. செத்து இரண்டு நாள் ஆகியும் எங்களுக்குத் தெரியவில்லை. வழக்கம்போல ஒரு மூலையில் படுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் வலையால் நெம்பினேன். உடம்பு வெளுத்து நாற ஆரம்பித்திருந்தது. அண்ணன் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவர் 'சோம்பேறி' என்று சொல்லவில்லை. பயிற்சிக்காரப் பெண் அந்த மீனின் போட்டோவைக் காட்டினாள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுவாரமும் அப்படியே. அவள் நோட்டில் ஏழை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினாள். மீன் போனால் வார்த்தையும் கூடவே போகிறது என்றால், இன்னும் ஆறு மீன் போனால் அண்ணன் மறுபடியும் வெறும் 'ஆ'தான். நினைக்கவே முடியவில்லை.

அப்போதுதான் எண்ணுவது என்று முடிவு செய்தேன்.

தியேட்டரில் ஒரு வழக்கம் உண்டு. வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால், உள்ளே வைத்த பஞ்சுத்துணிகள் எல்லாம் வெளியே வந்துவிட்டனவா என்று இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றையும் தொட்டு, வாய்விட்டு எண்ண வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் என் கணக்கு ஒருதரம்கூடத் தப்பியதில்லை. செத்ததுபோல் தூங்கும் மீனுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எது? கண்ணால் பார்த்து ஏமாந்தாயிற்று. இனித் தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

தினமும் காலை ஆறரைக்கு, டியூட்டிக்குக் கிளம்பும் முன்னால், முழங்கை வரைக்கும் கையைக் கழுவுவேன். தியேட்டரில் கழுவும் அதே பிங்க் திரவம். அண்ணன் வயிற்றுக் குழாயோடு வீட்டுக்கு வந்தபோது, அவரைத் தொடுபவர்கள் எல்லாரும் அதில் கழுவ வேண்டும் என்று நான் சட்டம் போட்டு வைத்திருந்தேன். குழாயை எடுத்துப் பல மாசம் ஆகியும் பாட்டில் மட்டும் வாஷ்பேசின் மேலேயே இருந்தது. கழுவி, ஒருதரம் அலசிவிட்டு, தொட்டிக்குள் கையை விடுவேன். மரக்கட்டையைத் தூக்கி, அதன் அடியில் அடைந்து கிடப்பவற்றை ஒவ்வொன்றாகத் தொடுவேன். காயம் இருக்கிறதா என்று சிலதைக் கையில் ஏந்தியும் பார்ப்பேன். தொட்டது துள்ளினால் "இருக்கு" என்பேன். அண்ணன் அதன் பெயரைச் சொல்வார். தியேட்டரில் இரண்டு பேர் எண்ணுவோமே, அப்படியே இருந்தது. எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

மூன்று வாரம் கழித்து ஒட்டடை செத்தது. அடுத்த மாசம் மாமியார். இரண்டுக்கும் ஒரே அறிகுறி. தோலில் பால் ஆடைபோல் வெண்மை படரும். கல்லில் போய் உடம்பைத் தேய்த்துக்கொள்ளும். மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். இரண்டாம் நாள் முடிந்துவிடும். இரண்டு பெயரும் அண்ணன் வாயிலிருந்து நின்றுபோயின. நோட்டில் நாலு என்று எழுதினோம்.

தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு மீன்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் வயதானவர், நிதானமாகச் சொட்டு மருந்து விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்த்தார்.

"தண்ணியில ஒரு குறையும் இல்லம்மா. இந்தத் தண்ணியில நானே குடியிருக்கலாம்."

"அப்புறம் ஏன் சாகுது?"

"தெரியலையே. இந்த ஜாதிக்குச் செதில் இருந்தும் இல்லாத மாதிரி. மேல எது பட்டாலும் தோலு இழுத்துக்கும். ஏதாச்சும் மருந்து விட்டீங்களா?"

"ஒரு சொட்டு விட்டதில்ல."

"வீட்ல கொசுமருந்து, பெயின்ட், அந்த மாதிரி?"

பெயின்ட் என்ற வார்த்தைக்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அன்று சாயங்காலம் என் கணவர் வேலை முடிந்து வந்து, வழக்கம்போல அண்ணன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தினமும் அப்படித்தான். ஒருமணி நேரம் அவரே பேசிக்கொண்டிருப்பார். எந்த வீட்டில் எந்தச் சுவர் எப்படி உப்பியிருந்தது, வீட்டுக்காரர் நிறம் பிடிக்கவில்லை என்று எத்தனை தடவை மாற்றினார் என்று எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வார். அண்ணன் நடுவில் "வக்கீல்" என்பார். "அதேதான் மச்சான், நானும் அதத்தான் அந்தாளுகிட்டச் சொன்னேன்," என்று இவர் தொடருவார். உடம்பெல்லாம் பெயின்டில் கலக்கும் தின்னர் வாசம்.

வாசலிலேயே நின்று ஆரம்பித்தேன்.

"எழுந்திருங்க. இந்த ரூமுக்குள்ள இனிமே வராதீங்க."

"ஏன் சிஸ்டர், நான் என்ன பண்ணேன்?"

"பெயின்ட் கைய வச்சுக்கிட்டுத் தொட்டிகிட்ட உக்காந்தா மீன் சாகாம என்ன பண்ணும்?"

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "இருபது வருஷமா இதே கைதான். மீனு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. இத்தனை நாள் சாகாதது இப்ப ஏன் சாகுது? நான் தொட்டிய தொடறதுகூடக் கிடையாதே."

"வாசம் போதும். மீன்கடைக்காரரே சொல்லிட்டாரு."

கடைக்காரர் அப்படிச் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார். ஆனால் என் வாய்க்குள் அது சொன்னதாக மாறிவிட்டது.

அப்போது அண்ணன் இடது கையால் பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்து வீசினார். அது சுவரில் பட்டு உருண்டது. "வாத்தியார், வாத்தியார்," என்று முகம் சிவக்கக் கத்தினார்.

"பாருங்க," என்றேன் என் கணவரிடம். "அண்ணனுக்கே உங்கமேல எவ்வளவு கோபம்னு பாருங்க."

அவர் அண்ணனைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்துவிட்டு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாள் முதல் பால்கனியில் உடை மாற்றி, குளித்து, நேரே அடுப்படிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். என்னோடு சண்டை போடவில்லை. முன்னறைப் பக்கம் தலைவைக்கவில்லை, அவ்வளவுதான். நான் கடுகடுவென்று இருந்தேன். சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்ற நினைப்பில் இருப்பவர்களுக்கு அது சுலபமாக வரும்.

ஒரு மாசம் எதுவும் சாகவில்லை. என்னைவிட்டால் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் வக்கீல் வெளுத்தது. சாப்பிடும்போது டிக் டிக் சத்தம் கேட்கவில்லையே என்று அண்ணன்தான் முதலில் கவனித்திருக்க வேண்டும். அன்று காலையில் அவர் இரைப்பக்கமே கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் அதுவும் போயிற்று.

திரைச்சீலையில் தின்னர் ஏறியிருக்கும் என்று எல்லாவற்றையும் கழற்றித் துவைத்தேன். சுவரைத் துடைத்தேன். எண்ணுவதை ஒருதரத்திலிருந்து இரண்டுதரமாக்கினேன். காலையில் ஒன்று, டியூட்டி முடிந்து வந்ததும் ஒன்று. கையை முன்னைவிட நன்றாகக் கழுவினேன். தொந்தி போனது. அடுத்த பதினைந்து நாளில் வாத்தியாரும் போனது.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு ஆறுதலாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். காலையில் எண்ணும்போது அண்ணனின் குரல் நாளுக்கு நாள் பலமாகிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் நான் தொட்ட பிறகுதான் பெயர் சொல்வார். பிறகு நான் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கையைக் கழுவப் போகும்போதே ஆரம்பித்துவிடுவார். மிச்சமிருக்கும் பெயர்களைத் திரும்பத் திரும்ப, நாற்காலிக் கையில் அறைந்துகொண்டு சொல்வார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். நோட்டில் நான் எழுதி வைத்திருந்தேன்: 'காலையில் மீனை எண்ணும்போது குரல் மிக நன்றாக வருகிறது. ஆர்வம் தெரிகிறது.' பயிற்சிக்காரப் பெண்ணும் அதைப் படித்துவிட்டு, அந்த வழக்கத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைசியில் குட்டி மட்டும் மிஞ்சியது. தொட்டிக்குள் ஒரு மண்குழாய் கிடக்கிறது. அதன் கோடியில் போய் ஒட்டிக்கொள்ளும். என் விரலுக்கு அநேகமாக எட்டாது. அன்று காலை எப்படியும் எட்டிப் பிடித்துப் பார்த்துவிடுவது என்று கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். அண்ணன் கத்தவில்லை. நான் தொட்டிப் பக்கம் குனிந்தபோது, இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

லிஃப்ட் மெக்கானிக்கின் கை. ஒரு கை போனாலும் இன்னொன்று இரும்புதான். என்னால் விடுவித்துக்கொள்ள முடியவில்லை. என் கையை இழுத்துத் தன் மூக்குக்கு நேரே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு அதை என் முகத்துக்கு முன்னால் தள்ளினார். மறுபடி முகர்ந்தார். மறுபடி தள்ளினார்.

"என்ன அண்ணா? சுத்தமான கைதான். இப்பதான் கழுவினேன்."

"குட்டி," என்றார். மெதுவாகச் சொன்னார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். கண்ணில் தண்ணீர் நின்றது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இவருக்காகத்தானே தினமும் ஆறரைக்கு அல்லாடுகிறேன் என்று இருந்தது. எண்ணாமலேயே பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

அன்று புதிதாகச் சேர்ந்த ஆறு நர்ஸ்களுக்குக் கைகழுவக் கற்றுக்கொடுக்கும் முறை என்னுடையது. பதினைந்து வருஷமாகச் சொல்லும் பாடம்; தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தியேட்டர் வாசலில் குழாயடியில் வரிசையாக நிற்கவைத்து, பிங்க் திரவத்தை உள்ளங்கையில் ஊற்றிக் காட்டினேன்.

"சாதா சோப்பு மாதிரின்னு நினைச்சுடாதீங்க. சோப்பு அலசினா போயிடும். இது போகாது. தண்ணியில அலசினாலும் தோல்ல ஒட்டிக்கிட்டு, ஆறு மணி நேரம் நின்னு கொல்லும். அதுதான் இதோட பெருமை. நீங்க எதைத் தொட்டாலும்..."

அதற்குமேல் எனக்கு வார்த்தை வரவில்லை. என் இரண்டு கையும் குழாயடியில் இருந்தன. முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் அண்ணனின் நகம் பதிந்த தடம் இன்னும் சிவப்பாகவே இருந்தது.

"சிஸ்டர், தண்ணி ஓடுது," என்றாள் ஒரு பெண்.

குழாயை மூடிவிட்டு வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மீன்கடைக்காரருக்குப் போன் செய்து, பாட்டிலில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். இதனால்தானா என்று கேட்டேன்.

"இருக்கலாம்மா," என்றார். "உறுதியா எப்படிச் சொல்றது? நான் டாக்டர் இல்லையே. வேற ஏதாச்சும் சீக்காக்கூட இருந்திருக்கலாம். தெரியாமலே போயிடுச்சுன்னு வச்சுக்குங்களேன்."

நல்ல மனுஷன். ஒளிந்துகொள்ள எனக்கு ஓர் இடம் கொடுத்துப் பார்த்தார். ஆனால் வக்கீல் சாவதற்கு முந்தின நாள் அதைக் கையில் ஏந்தி முதுகைத் தடவிப் பார்த்தது நான். தொந்தியைத் தடவியது நான். இரண்டுதரம் எண்ண ஆரம்பித்த பிறகுதான் சாவு வேகமாக வந்தது. குட்டி இருப்பதே என் விரல் எட்டாததால்தான்.

அதைவிட மோசமான இன்னொன்று அப்புறம்தான் உறைத்தது. காலை நேரத்துக் கத்தல். நாற்காலியில் அறைந்தது. நாள் முழுக்க அந்தத் தொட்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு, என் கை உள்ளே போய் வந்த பிறகு மீன்கள் என்ன பாடு படுகின்றன என்று தெரியாமலா இருக்கும்? என்னிடம் சொல்ல அவருக்கு வேறு வார்த்தை இல்லை. இருந்ததெல்லாம் அந்த மீன்களின் பெயர்கள். அதை வைத்துத்தான் வேண்டாம் வேண்டாம் என்று என்னிடம் மன்றாடியிருக்கிறார். குரல் நன்றாக வருகிறது என்று நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

டம்ளரை வீசியதும் என் கணவர்மேல் இருந்த கோபத்தில் இல்லை, அவரை விரட்டிய என்மேல்தான்.

மத்தியானமே லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். என் கணவருக்குப் போன் செய்து வீட்டுக்கு வரச் சொன்னேன். அண்ணனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்து, சாரத்திலிருந்து இறங்கிய வேகத்தில் வந்திருந்தார். முடியில் சுண்ணாம்புத் தூள். அடுப்படியில் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்க இல்லங்க. நான்தான். என் கைதான்."

அவர் தண்ணீர் எடுத்துக் குடித்தார். எனக்கு வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

"அஞ்சு மாசம்," என்றார் கடைசியில். "மச்சான் என்மேல கோபமா இருக்காருன்னு அன்னைக்கு நீ சொன்னியே. அதை நம்பித்தான் நான் உள்ள போகல. அஞ்சு மாசமா அந்த மனுஷன் பேச்சுத்துணைக்கு ஆளில்லாம உக்காந்திருக்காரு."

"என்னை மன்னிச்சிடுங்க."

"என்கிட்ட அப்புறம் கேளு. முதல்ல அங்க போய்ச் சொல்லு."

அன்றைக்கு அவர் என்னை சிஸ்டர் என்று கூப்பிடவில்லை. பால்கனிக்குப் போய் உடையை மாற்ற ஆரம்பித்தார். இனிமேல் அது தேவையில்லை என்றேன். தேவையில்லாதது தனக்கும் தெரியும் என்றார். குளித்துவிட்டு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார். அண்ணன் அவரைப் பார்த்ததும் இடது கையை நீட்டினார். இவர் உட்காருவதற்குள்ளேயே அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு, தலையை அவர் தோளில் சாய்த்தார். என் கணவர் ஏதோ ஒரு சுவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேச்சு பாதியில் நின்றுவிட்டது.

பிங்க் பாட்டிலை எடுத்துக் குப்பையில் போட்டேன். போடுவது சுலபமாக இருந்தது. முன்னறைக்குள் போவதுதான் கஷ்டமாக இருந்தது. தொட்டியைத் தாண்டிப் போகும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அண்ணனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"அண்ணா. நீ தினமும் சொல்லிக்கிட்டே இருந்திருக்க. எனக்குக் காது இருந்தும் கேக்கல. உன் மீனெல்லாம் செத்தது என் கையாலதான். உன் வார்த்தையையும் நானே ஒண்ணொண்ணா எடுத்துட்டேன்."

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். கோபமா, வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்த முகத்தில் பாதிதான் இப்போது அசைகிறது. பிறகு இடது கையைத் தூக்கி என் முன்னால் நீட்டினார். கட்டைவிரலை மடக்கினார்.

"சோம்பேறி," என்றார்.

ஏழெட்டு மாசத்துக்கு முன்னால் போய்விட்டது என்று நோட்டில் அடித்த வார்த்தை. கொஞ்சமும் திக்காமல், சுத்தமாக வந்தது. சோம்பேறி செத்தபோது நான் எண்ணவே ஆரம்பிக்கவில்லை, அது என்னால் இல்லை என்று சொல்ல வாய் துடித்தது. விழுங்கிக்கொண்டேன்.

அடுத்த விரலை மடக்கினார். "ஒட்டடை."

பக்கத்தில் என் கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமியார்." கொஞ்சம் பொறுத்து, "வக்கீல்."

எந்தப் பெயரும் எங்கும் போகவில்லை. எல்லாம் அவரிடமேதான் இருந்திருக்கின்றன. செத்துப்போனவர்களை வா என்று கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

"தொந்தி." ஐந்து விரலும் மடங்கிவிட்டன. கையைப் பிரித்து மறுபடி கட்டைவிரலை மடக்கினார். "வாத்தியார்."

எது முதலில் போனதோ அது முதலில், எது கடைசியில் போனதோ அது கடைசியில். வரிசை ஓரிடத்திலும் பிசகவில்லை. நான் ஏழாவதுக்காகக் காத்திருந்தேன். அவர் கையை மடியில் போட்டுக்கொண்டார்.

"குட்டி?" என்று கேட்டேன்.

அண்ணன் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, தொட்டியைக் காட்டினார். குழாயின் கோடியில் அது ஒருக்களித்துப் படுத்திருந்தது. அவர் என்னிடம் சொன்னது செத்தவர்களின் பெயர்களை மட்டும்தான் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.